விரிப்பைச் சுருட்டிய ஞாயிறு

“நிலம் பாக்கேலாமல் கிடக்கு” என்று சொன்னது நான்தான். தவக்காலத்து வெள்ளிக்கிழமை. மீன்குழம்பை அல்பேட்டின் கோப்பையில் ஊற்றிக்கொண்டே சொன்னேன். ஞாயிறு மூன்று மணிக்கு நான்கு தியேட்டர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அதில் ஒருவர் ரொறன்ரோவிலிருந்து, ஒருவர் ஒட்டாவாவிலிருந்து. பனி உருகத் தெருவில் கொட்டி, மாரி முழுவதும் சப்பாத்துகளில் ஒட்டி வந்த உப்பு என் வேலையிடத்து மண்டபத்துத் தரையில் திட்டுத்திட்டாய்ப் படிந்திருக்கிறது. வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றேன்.

அல்பேட் சாப்பிட்டு முடித்தார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார். எங்கள் வீட்டில் பேச்சு குறைவு. பத்தொன்பது வருடங்களாக அவர் அந்த ஜன்னலோரமும் நான் விளக்கடியில் ஒரு புத்தகத்தோடும் இருந்து பழகியிருக்கிறோம். அந்த மௌனம் கோபமல்ல. ஆனால் அதற்குள் என்ன நடக்கிறது என்று இருவருக்கும் எப்போதும் தெரிவதில்லை.

அவர் டோர்வல் விமான நிலையத்தில் பதினேழு வருடமாகத் தரை மினுக்குகிறவர். நான் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், பழைய பள்ளிக்கூடக் கட்டிடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் இருக்கும் சின்ன அமைப்பொன்றில் வேலை செய்கிறேன். ஆபிரிக்காவிலிருந்தும் ஹெயிட்டி போன்ற தீவுகளிலிருந்தும் வந்தவர்களின் நடனங்களில் புதிதாக ஏதாவது அமைக்க முயல்கிறவர்களுக்குக் கைகொடுப்பதுதான் எங்கள் வேலை. வருடத்துக்கு ஒருவரைத் தெரிவு செய்வோம். ஆடிப் பழக மண்டபம், ஆடுகிறவர்களுக்குச் சம்பளம், ஆலோசனை சொல்ல அனுபவசாலிகள் இரண்டு பேர். வருட முடிவில் தியேட்டர்காரர்களைக் கூப்பிட்டு ஒருமுறை ஆடிக் காட்டுவோம். அவர்களில் ஒருவராவது எடுத்துக்கொண்டால் அந்த ஆட்டம் உயிரோடு வெளியே போகும். இல்லாவிட்டால் இந்த மண்டபத்தோடு முடிந்துவிடும். எட்டு வருடத்தில் இரண்டுதான் வெளியே போயிருக்கின்றன.

இந்த வருடத்து ஆள் மிர்லாண்ட். முப்பத்தாறு வயது. ஹெயிட்டிக்காரப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்தவள். மூன்றாம் தடவை விண்ணப்பித்துத்தான் எங்களிடம் வந்து சேர்ந்தாள். பக்கத்து ஆஸ்பத்திரியொன்றில் நோயாளர்களைத் தூக்கி, துடைத்து, உடை மாற்றிவிடுகிற வேலை அவளுக்கு. எழுந்திருக்க முடியாதவர்களை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அவளுடைய ஆட்டத்தின் பெயரே ‘இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை’தான். அவளோடு சேர்த்து ஐந்து பேர் ஆடுவார்கள். ஒருவர் படுத்திருக்க, நால்வர் அவரைத் தூக்கிப் புரட்டுவார்கள். படுத்திருப்பவர் மாறிக்கொண்டேயிருப்பார். முழங்கால் மடித்து, முதுகெலும்பு அலைபோல எழுந்து தாழும் ஹெயிட்டி நாட்டு ஆட்டத்தை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

அந்த ஆட்டத்தின் நடுவில் மூன்று நிமிடம் மேளமும் இல்லை, பாட்டும் இல்லை. கால்கள் மட்டும். எங்கள் மண்டபத்தில் கறுப்பு வினைல் விரிப்புப் போட்டிருந்தது, அதற்குக் கீழே மெத்தென்ற தாள். கால்களின் சத்தத்தை அது விழுங்கிவிடும். அதனால் அந்த மூன்று நிமிடமும் ஊமைப்படம் போலிருக்கும். அந்த இடம் வெறுமையாக இருக்கிறது, இசை போடு என்று ஆலோசகர்கள் இருவரும் சொன்னார்கள். எங்கள் இயக்குநர் பெர்னாடெத்தும் சொன்னார். அவர் கமரூனிலிருந்து வந்து இந்த நகரத்தில் முப்பது வருடம் ஆடி, முழங்கால் தேய்ந்த பிறகு இந்த அமைப்பைத் தொடங்கியவர். அவர் சொல்லை யாரும் இலேசில் தள்ளுவதில்லை. இரண்டு கிழமைக்கு முன் மிர்லாண்ட் விட்டுக்கொடுத்தாள். அந்த இடத்தில் ஒரு பியானோ வந்து உட்கார்ந்தது.

எனக்கு அந்த மூன்று நிமிடமும் பிடித்திருந்தது. ஒவ்வொரு ஒத்திகையிலும் மூலையிலிருந்து என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த இடம் வந்ததும் கை நின்றுவிடும். ஆனால் நான் அலுவலகக்காரி. நடனத்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை.

மே மாதத்திலிருந்து ஆஸ்பத்திரியில் முழுநேர நிரந்தர வேலை தருவதாக மிர்லாண்டுக்குக் கடிதம் வந்திருந்தது. ஞாயிறு யாரும் எடுக்காவிட்டால் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்டத்தை விட்டுவிடுவேன் என்று என்னிடம் சொன்னாள். அழுகையில்லாமல், வரப்போகிற மழையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். அந்த ஒரு ஞாயிறு லீவுக்காக ஆஸ்பத்திரியில் மற்றவர்களுடைய மூன்று வார இறுதிகளைத் தான் வேலை செய்துகொடுத்திருந்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் நான் மிர்லாண்டோடு உடுப்புகள் தைக்கக் கொடுத்த இடத்துக்குப் போய், அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போனேன். ஞாயிறு காலை மண்டபத்தில் நிற்க வேண்டியிருந்ததால் குருத்தோலைப் பூசையைச் சனி மாலையிலேயே பார்க்க நினைத்திருந்தேன். அல்பேட்டைக் கூப்பிட்டதற்கு, தான் நாளைக்குப் போவதாகச் சொன்னார். நான் திரும்பி வந்தபோது அவர் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு சிறு வெளிச்சம் இருந்தது. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஞாயிறு ஒன்பது மணிக்கு மண்டபக் கதவைத் திறந்தேன். என் முதல் எண்ணம், இந்த இடம் இவ்வளவு அழகானதா என்பதுதான். பத்து ஜன்னல்களும் தரைக்குள் தலைகீழாய் நின்றன. வெளியே மரக்கிளையில் மிச்சமிருந்த பனிகூட உள்ளே தெரிந்தது. உப்புத் திட்டு ஒன்றுகூட இல்லை. குளம் போலக் கிடந்தது தரை. ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

எனக்குப் பின்னால் ஃபாத்தூ வந்தாள். ஐவரில் இளையவள், சிரிக்காமல் பகிடி விடுகிறவள். சொக்ஸுடன் இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டு அவளுடைய கையில் இருக்கவில்லை. இடுப்பு அடிபட விழுந்து, ஒரு ஆள் நீளம் சறுக்கிப்போய் நின்றாள்.

விழுந்த இடத்திலிருந்து தரையைக் குனிந்து பார்த்து, “றெஜினா, இதில என்ர பல்லெல்லாம் தெரியுது” என்றாள்.

நாங்கள் பிரெஞ்சில்தான் கதைப்பது. ஆனாலும் அன்று அவர்கள் சொன்னவையெல்லாம் என் நினைவில் எங்கள் தமிழில்தான் இருக்கின்றன.

அடுத்து வந்த மிர்லாண்ட் சப்பாத்தைக் கழற்றி, வெறுங்காலோடு நடந்து பார்த்தாள். காய்ந்த கால் ஒட்டிக்கொண்டது. ஆடும்போது வியர்ப்பது போல உள்ளங்காலை நனைத்துக்கொண்டு வந்து திரும்பவும் வைத்தாள். இப்போது வழுக்கியது. காலை ஊன்றி உடம்பைத் திருப்பினால் முழங்கால் போய்விடும் என்றாள். பிறகு யார் இதைச் செய்தது என்று கேட்டாள்.

வாசலுக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ‘ஈரத்தரை’ என்ற பலகையொன்று மடித்துச் சுவரில் சாத்தியிருந்தது. விமான நிலையத்துப் பலகை. மண்டபத்தின் மற்றச் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும்.

“என்ர மனுசன்” என்றேன்.

அவள் குந்தி ஃபாத்தூவின் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அல்பேட்டுக்கு அழைத்தேன். மூன்றாம் தடவை எடுத்தார். பின்னணியில் கோயிலில் இயேசுவின் பாடுகளின் வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. அதற்குள் பெர்னாடெத்துக்கும் செய்தி போய்விட்டது. தொலைபேசியில் அவர் மிர்லாண்டோடு சுருக்கமாகப் பேசினார். வேறு மண்டபம் இந்த நேரத்தில் கிடைக்காது, ஒத்திவைத்தால் ரொறன்ரோக்காரி திரும்பி வரமாட்டார், பழைய ஒத்திகையொன்றின் வீடியோவைப் போட்டுக் காட்டுவோம் என்றார். மிர்லாண்ட் தொலைபேசியை என்னிடம் திருப்பித் தந்தாள். படம் காட்டி நோயாளியைப் புரட்ட முடியாது என்று சொல்லிவிடச் சொன்னாள்.

இருபது நிமிடத்தில் அல்பேட் வந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சேர்ட், சட்டைப் பையில் சிலுவையாய் மடித்த குருத்தோலை. அதற்குள் வந்து சேர்ந்திருந்த ஐந்து ஆட்டக்காரரும் சுவரோரம் உட்கார்ந்து அவரையே பார்த்தார்கள். ஒத்திகை பார்க்க ஒருமுறைகூட அவர் அங்கே வந்ததில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மெல்ல மெல்ல வடிந்தது.

“அஞ்சு பூச்சு வக்ஸ் அடிச்சனான்” என்றார். “ஆக்கள் வருகினம் எண்டு நீர்தானே சொன்னனீர்.”

“அவை வெறுங்காலோட ஆடுறவையப்பா” என்றேன்.

“வெறுங்காலோடயோ?”

அவருடைய தரைகளில் யாரும் வெறுங்காலோடு நடந்ததில்லை. பதினேழு வருடமாக அவர் சப்பாத்துகளுக்காகவும் பெட்டிச் சில்லுகளுக்காகவும்தான் தரை மினுக்கியிருக்கிறார்.

அந்தப் பூச்சை எடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆறு மணித்தியாலம் வேண்டும், அதற்குப் பிறகும் மருந்து மணக்கும், அந்த ஈரத்தில் ஆட முடியாது என்றார். அப்போது மணி பத்துக்குக் கிட்ட. நான் மொழிபெயர்த்தேன். ஃபாத்தூவுக்குக்கூடப் பகிடி வரவில்லை.

அந்த நேரத்தில் அல்பேட் முழந்தாளிட்டார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் மடக்கிய விரல் மூட்டால் தரையைத் தட்டினார். ஓரிடத்தில், பிறகு சுவர்ப்பக்கம் தள்ளி இன்னோரிடத்தில். காதைக் கிட்டக் கொண்டுபோனார்.

“இஞ்சேரும், இதுக்குக் கீழ என்ன கிடக்கு?”

மரம் என்றேன். பள்ளிக்கூடமாய் இருந்த காலத்தில் இது பிள்ளைகள் பந்து விளையாடும் மண்டபம். சிராய் குத்துகிறது என்றுதான் மேலே விரிப்புப் போட்டார்கள்.

அவர் மூலையில் ஒட்டு நாடாவை நகத்தால் கிளப்பி, விரிப்பின் ஓரத்தை ஒரு முழம் உயர்த்தினார். மூக்கை வைத்து மணந்தார்.

“மேப்பிள். இதை ஏன் மூடி வச்சிருக்கினம்?” என்றார். பிறகு, அவர்கள் பக்கம் திரும்பாமலே, “மத்தியானம் ஒரு மணி வரைக்கும் எனக்குத் தரச் சொல்லும். ஒரு சிராய் இல்லாமல் தாறன்.”

நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். மிர்லாண்ட் வந்து அவருக்குப் பக்கத்தில் குந்தினாள். கிளப்பிய இடத்தில் உள்ளங்கையை நுழைத்து மரத்தைத் தொட்டாள். பிறகு எழுந்து மற்றவர்களிடம் “சுருட்டுவம்” என்றாள்.

ஆறு நீளத் துண்டுகள். ஒவ்வொன்றையும் நான்கு பேராய்ச் சுருட்டித் தூக்கினோம். அவர்கள் ஒரு நோயாளியைத் தூக்குவது போலவே தூக்கினார்கள், முழங்காலை மடித்து, முதுகை வளைக்காமல். கீழே தேன் நிறத்தில் பலகைகள் வந்தன. சிவப்பும் நீலமுமாய்ப் பழைய பந்துக் கோடுகள் மங்கிப்போய்க் கிடந்தன.

அல்பேட் சேர்ட் கையை மடித்தார். கீழ்மாடிக் காவற்காரரிடமிருந்து சுத்தியலும் உப்புத்தாளும் கேட்டு வாங்கி வந்தார். பிறகு என்னைப் பார்த்து, “உம்மட ஸ்டொக்கிங்ஸைக் கழட்டித் தாரும்” என்றார்.

எனக்குக் காது சுட்டது. “என்னத்துக்கு?”

“கைக்குப் போடத்தான். சிராய் எண்டால் அதில கொழுவும்.”

இதை மொழிபெயர்க்காமல் விட்டேன். அவர்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. நான் கழிவறைக்குப் போய்த் திரும்பி வந்தபோது ஃபாத்தூ பக்கவாட்டில் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. வருகிறவர்களுக்காக நான் புதிதாய் வாங்கிப் போட்ட மெல்லிய நைலோன் ஸ்டொக்கிங்ஸ்.

அல்பேட் அதை வலது கையில் முழங்கை வரை இழுத்துப்போட்டு, பலகை வழியே கையை ஓட்டினார். மெல்லிய நூல் எங்கெல்லாம் கொழுவியதோ அங்கெல்லாம் நின்றார். ஆணி மேலே வந்திருந்தால் அடித்து இறக்கினார். சிராய் என்றால் உப்புத்தாளால் தேய்த்து, திரும்பவும் கையை ஓட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மிர்லாண்டின் ஆட்கள் மற்றக் கால் ஸ்டொக்கிங்ஸை நறுக்கிப் பங்கு போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் வரிசையாய் முழந்தாளில் நகர்ந்தார்கள். கொழுவிய இடத்தில் சோக்கால் வட்டம் போட்டார்கள். அவருக்கும் அவர்களுக்கும் பேசிக்கொள்ளப் பொது மொழி இல்லை. அல்பேட்டுக்குத் தெரிந்த பிரெஞ்சு, வணக்கம், நன்றி, கவனம் என்கிற ‘bonjour’, ‘merci’, ‘attention’ மூன்றும்தான். அன்று மூன்றும் போதுமாக இருந்தன.

பன்னிரண்டரைக்கு பெர்னாடெத் பொல்லோடு மாடியேறி வந்து, கதவில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். வினைல் சுருள்கள், சோக்கு வட்டங்கள், தரையில் ஆறு பேர், வெறுங்காலோடு நான். தான் ஒரு காலத்தில் கார் நிறுத்துகிற கொங்கிரீற்றிலே ஆடியவள், மரம் பெரிய சொகுசு என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அல்பேட் எழுந்து, கடைசிப் பலகையில் நடந்து பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

மிர்லாண்ட் நடுவில் வந்து நின்றாள். குதிக்காலை ஒருமுறை ஊன்றினாள்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மேளம் போல என்று சொன்னால் சரியில்லை. ஒரு பெரிய வீட்டுக் கதவை யாரோ வெளியிலிருந்து தட்டியது போல இருந்தது. பலகைகளுக்குக் கீழே வெற்றிடம் இருக்கிறது. அது அத்தனை வருடமும் விரிப்புக்குக் கீழே காத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. அவள் இரண்டாம் தடவை ஊன்றினாள். பிறகு கால்விரல்களால். பிறகு பாதத்தை இழுத்து. ஒவ்வொன்றுக்கும் வேறு பதில் வந்தது. மற்ற நால்வரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஓடிப்போய் ஒலிப்பெட்டியின் வயரைக் கழற்றி, அந்தப் பியானோ வராமல் செய்ய வேண்டும் போலிருந்தது எனக்கு. நகரவில்லை.

மிர்லாண்ட் பெர்னாடெத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“ஒரு வருஷமா அந்த மூலையில இருந்து பாக்கிறாய். ஒரு நாளும் ஒண்டும் சொன்னதில்லை. இப்ப சொல்லு. பியானோ வேணுமோ, வேண்டாமோ?”

எல்லோரும் திரும்பினார்கள். பெர்னாடெத் பொல்லின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் மேலதிகாரி. அவர் சொல்லித்தான் அந்தப் பியானோ வந்தது. நான் எப்போதும் போல மௌனத்துக்குள் போய் நின்றுகொண்டிருக்கலாம். ஆனால் அறையின் மறுபக்கத்தில், கிழிந்த ஸ்டொக்கிங்ஸைக் கையிலிருந்து உரித்துக்கொண்டு அல்பேட் நின்றார். நேற்றுப் பின்னேரம் அவர் என்னிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால், அல்லது நான் ஒரு சொல் கேட்டிருந்தால், இது எதுவும் நடந்திருக்காது.

“வேண்டாம்” என்றேன். “தொடக்கத்திலயே வேண்டாம் எண்டு நினைச்சனான். சொல்லாமல் மூலையிலயே இருந்து நினைச்சுக்கொண்டிருந்திட்டன்.”

பெர்னாடெத் சுருட்டிக் கிடந்த விரிப்பைப் பார்த்தார். பிறகு, தன் காது இவ்வளவு நாளும் வினைலைத்தான் கேட்டிருக்கிறது என்றார்.

மூன்று மணிக்கு நான்கு பேரும் வந்தார்கள். விரிப்பில்லாத தரையையும் பழைய கோடுகளையும் பார்த்து ரொறன்ரோக்காரி புருவத்தை உயர்த்தினார். அல்பேட் வீட்டுக்குப் போகிறேன் என்றவரை நான் கையைப் பிடித்துக் கடைசிக் கதிரையில் இருத்தினேன். அவரும் மறுக்கவில்லை.

ஆட்டம் முப்பத்தைந்து நிமிடம். எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை. நடுவில் மேளம் நின்றது. ஃபாத்தூ படுத்திருந்தாள். நான்கு பேரும் அவளைச் சுற்றி முழங்கால் மடித்து, முதுகு எழுந்து தாழ, குதிக்கால்களால் மட்டும் தொடங்கினார்கள். ஒரு கால், இரண்டு, எட்டு. அவளைத் தூக்கும்போது சத்தம் முழுதாய் நிற்கும். இறக்கிவைத்ததும் தரை திரும்பப் பேசும். அந்த இடைவெளிகளில் வெப்பக்குழாய் தட்டுவதுகூடக் கேட்டது. கதிரைக் கால்கள் வழியாகத் தரையின் அதிர்வு எங்கள் உடம்புக்குள் ஏறியது. ஒட்டாவாக்காரர் குறிப்பெழுதிக்கொண்டிருந்த பேனையை மூடிவைத்தார். கடைசியில் ஃபாத்தூவின் கால்களும் படுத்தபடியே தரையைத் தட்டத் தொடங்கியபோது, என் பக்கத்தில் அல்பேட் மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் எதையாவது அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

முடிந்ததும் கை தட்டினார்கள், எழுந்து நின்று தட்டினார்கள். பெர்னாடெத் பொல்லால் மரத்தில் தட்டினார்.

வியர்வையோடு மிர்லாண்ட் நேரே எங்களிடம் வந்தாள். நன்றி சொல்ல வந்தவள் அல்பேட்டின் கையைப் பிடித்ததும் நின்றாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையிலும் விரல்களிலும் சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகள். தரையிலிருந்த சிராய்களில் பாதி அங்கே இருந்தன. அவர் யாருக்கும் சொல்லவில்லை. தன் பையிலிருந்து இடுக்கியும் மருந்துத் துணியும் எடுத்து வரும்படி ஃபாத்தூவிடம் சொல்லிவிட்டு, அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ரொறன்ரோக்காரி வந்து பக்கத்தில் நின்று, உடனே பேச வேண்டும், இலையுதிர் காலத்தில் மூன்று காட்சிகள் தரலாம் என்றார். அவருக்குப் பின்னால் ஒட்டாவாக்காரர், தங்கள் மேடையும் மரம்தான் என்று தொடங்கினார். ஒரு வருடமாக, இல்லை, மூன்று விண்ணப்பங்களாக அவள் காத்திருந்த வார்த்தைகள். மிர்லாண்ட் தலையை நிமிர்த்தவில்லை.

“கொஞ்சம் பொறுங்கோ” என்றாள். “இன்னும் ஒன்பது சிராய் கிடக்கு.”

இரண்டு பேரும் பொறுத்தார்கள். ரொறன்ரோக்காரி ஒரு கட்டத்தில் தன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மரத்தில் குந்திக்கொண்டார். அவள் ஒவ்வொன்றாக எடுத்து மருந்துத் துணியில் வைத்தாள். அல்பேட் நோவைக் காட்டிக்கொள்ளாமல் என்னைப் பார்த்தார்.

“என்னவாம்?” என்று மெல்லக் கேட்டார்.

“ரெண்டு பேரும் எடுக்கினமாம்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மிர்லாண்டின் தலைக்கு மேலால் ரொறன்ரோக்காரியைக் காட்டி, “அவவின்ர மேடையில நிலம் என்னண்டு கேளும்” என்றார். “வக்ஸ் அடிச்சிருந்தால் நான் முதல் நாளே போகோணும்.”

நான் அதை மொழிபெயர்த்தேன், ஒரு சொல்லும் விடாமல்.